நான்காம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜூன் 26 போதை ஒழிப்பு நாளன்று மேல்வகுப்புப் பிள்ளைகள் உறுதிமொழி எடுத்து ஊர்வலம் போகிறார்கள். நல்ல காரியம். ஆனால் மதுவைப் பற்றிப் பேச அதுவரை காத்திருப்பது ரொம்பத் தாமதம். ஒன்பது வயதிலேயே பெற்றோர் இந்தப் பேச்சைத் தொடங்கிவிட வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2015இலேயே சொன்னது. நம் ஊர்க் கணக்கில் அது நான்காம் வகுப்பு.

மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் அந்த வயதுப் பிள்ளை குடியைப் பார்க்காமலா வளர்கிறது? பெட்டிக்கடையில் பிளாஸ்டிக் டம்ளரும் தண்ணீர்ப் பாக்கெட்டும் வாங்கிவர அதைத்தான் அனுப்புகிறார்கள். நடவுக்குப் போன அம்மாவின் காலை வயலில் கிடந்த பாட்டில் சில்லு கிழித்ததும், அறுப்புக் கூலி வந்த அன்று வீட்டில் நடக்கும் சண்டையும் அதற்குத் தெரியும். அப்பா குடிப்பதற்குத் தான் காரணமில்லை என்பதுதான் தெரியாது. தான் சரியாகப் படிக்காததால்தான் அப்பா குடிக்கிறார் என்று நம்பும் பிள்ளைகளை வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

கொரோனா காலத்தில் வாட்ஸ்அப் வழியாகப் பாடம் அனுப்பினோமே, அதே வழியில் வாரம் ஒரு ஐந்து நிமிடப் பாடம் அனுப்பலாம். பல வீடுகளில் ஸ்மார்ட்போன் அப்பாவிடம்தான் இருக்கிறது. இருக்கட்டும், பாடம் நேரே அவர் கைக்கே போகும். "ஒரு வாய் குடிச்சுப் பாருடா" என்று கல்யாண வீட்டில் யாராவது நீட்டினால் என்ன சொல்வது என்று பிள்ளையும் பெற்றோரும் பேசிப் பழகுவதையே வீட்டுப்பாடமாகக் கொடுக்கலாம். மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்ததைப் பெரியவர்களுக்குச் சொல்லலாம். "ஒரு குவார்ட்டர் ஒண்ணும் செய்யாது" என்பவர்கள் இதைக் கேட்டே ஆகவேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். அப்பாவைத் திருத்தும் வேலையைப் பிள்ளையின் தலையில் கட்டக்கூடாது. 'குடிக்காதீங்க அப்பா' என்று பிள்ளையை அழவைத்துக் காணொளி எடுத்துப் பரப்பினால், அன்றிரவு அடி வாங்கப்போவது அந்தப் பிள்ளைதான். யார் வீட்டில் குடிக்கிறார்கள் என்று வகுப்பில் கேட்கவும் கூடாது. அதற்குப் பதிலாக, குடியை விட நினைப்பவர்களுக்கான 14446, குழந்தைகளுக்கான 1098 ஆகிய உதவி எண்களை ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் காட்ட வேண்டும்.

2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையை டாஸ்மாக் மூலம் அரசே நடத்துகிறது. அந்த வருமானத்தில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, வரும் ஜூனில் பள்ளி திறக்கும்போது டெல்டா மாவட்டங்களிலாவது இதைத் தொடங்க வேண்டும் என்று பள்ளிக் கல்வித்துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

– ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை, திருவாரூர் மாவட்டம்