சிறுபோகத்துக்கு யூரியா எந்தத் திகதியில்? ஜனாதிபதிக்கு ஒரு திறந்த மடல்

அதிமேதகு ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அவர்களுக்கு,

வணக்கம்.

இந்த 2022 ஏப்ரல் 18ஆம் திகதி புதிய அமைச்சரவை பதவியேற்றபோது, இரசாயனப் பசளையை நிறுத்தியது பிழை என்று ஒப்புக்கொண்டீர்கள். அதைக் கேட்ட வடக்கின் வன்னிக் கமக்காரர் அடுத்து எதிர்பார்த்தது ஒரே ஒரு விபரத்தை: இந்தச் சிறுபோகத்துக்கு (கோடைகால நெற்செய்கைக்கு) யூரியா எந்தத் திகதியில் வரும், ஏக்கருக்கு எத்தனை கிலோ கிடைக்கும்? அந்த விபரம் இன்னும் வரவில்லை. அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

விவசாயத் திணைக்களத்தின் சிபாரிசு உங்கள் அரசாங்கத்தின் கையிலேயே இருக்கிறது. நீர்ப்பாசன வயலில் மூன்றரை மாத நெல்லுக்கு ஹெக்டெயருக்கு 225 கிலோ யூரியா. ஏக்கருக்குப் பார்த்தால் ஏறத்தாழ 90 கிலோ, இரண்டு அந்தருக்கு (அந்தர் என்பது ஏறத்தாழ 50 கிலோ) கொஞ்சம் குறைவு. அதை ஒரே நாளில் எறிந்துவிட முடியாது. விதைத்து இரண்டாம் கிழமை 20 கிலோ, நான்காம் கிழமை 30, ஆறாம் கிழமை 26, எட்டாம் கிழமை மிச்சம். முதல் இரண்டு தடவையும் போடுவது மட்டம் வெடிக்க, அதாவது அடியிலிருந்து பக்கத் தூர்கள் கிளைக்க. ஆறாம் கிழமையில் போடுவது தண்டுக்குள் கதிர் உருவாகும் நேரத்துக்கு. பொட்டாசும் அப்போதுதான் சேர வேண்டும். முதல் இரண்டும் தவறினால் பயிர் மஞ்சளித்து ஒன்றிரண்டு மட்டத்தோடு நின்றுவிடும். பிறகு எவ்வளவு கொட்டினாலும் வெடிக்காத மட்டம் வெடிக்காது. கதிர் தண்டுக்குள் பருத்திருக்கும் குடலைப் பருவம் தாண்டி யூரியா போட்டால் இலைதான் கறுத்து வளரும். எரிபந்த நோயும் அறக்கொட்டிப் பூச்சியும் அதைத் தேடி வரும். கதிர் கூடாது.

மே முதலாம் திகதி விதைக்கும் ஒருவருக்கு முதல் பசளை மே 15இல் வேண்டும், கடைசிப் பசளை ஜூன் 26இல். ஜூலையில் கொழும்புத் துறைமுகத்துக்குக் கப்பல் வந்து அமைச்சர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்தாலும் அந்த வயலுக்கு அது வராத கப்பல்தான். கப்பல் வந்த நாளையும் பசளை வந்த நாளாக எண்ணக் கூடாது. இறக்கி, மூடை கட்டி, மாவட்டக் களஞ்சியத்துக்கு ஏற்றி, அங்கிருந்து கமநல சேவை நிலையத்துக்கு அனுப்பி, காணிப் பதிவுப்படி பெயர்ப் பட்டியல் பார்த்து, பணம் கட்டிய சிட்டையை வாங்கிக்கொண்டு கொடுத்து முடிக்க இன்னும் கிழமைகள் போகும். இன்றைய டீசல் தட்டுப்பாட்டில் அது மேலும் நீளும். ஆகவே நாங்கள் கேட்பது கப்பலின் திகதி அல்ல. கமநல சேவை நிலையத்தில் மூடை கைக்கு வரும் திகதி.

கடந்த பெரும்போகத்தில் (மாரிகால நெற்செய்கையில்) என்ன பிழைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். அது தெரியாமல் இந்தப் போகத்தைத் திட்டமிட முடியாது.

2019 தேர்தலில் நீங்கள் சொன்னது இலவசப் பசளையும் பத்து ஆண்டுகளில் சேதன விவசாயத்துக்கு மாறுவதும். 2021 மே 6 வர்த்தமானி அந்தப் பத்து ஆண்டுகளை ஒரே நாளுக்குள் அடக்கியது. பசளையோடு களைகொல்லியும் பூச்சிகொல்லியும் நிறுத்தப்பட்டன. சேதனப் பசளைக்கு இங்கே யாரும் எதிரியல்ல. எருவும் குழையும் வன்னி மண்ணுக்குப் பழக்கம். ஆனால் கணக்கு இடிக்கிறது. 90 கிலோ யூரியாவில் 41 கிலோ நைதரசன் உண்டு. நல்ல கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு நைதரசன் இருந்தாலும் ஒரு தொன்னில் 15 கிலோதான். அதிலும் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு அளவே. ஏக்கருக்கு எட்டுத் தொன் கூட்டெரு இல்லாமல் யூரியாவின் இடத்தை நிரப்ப முடியாது. எட்டுத் தொன்னை விடுங்கள், ஒரு தொன்னைச் செய்வதற்கு வேண்டிய மாடும் குழையும் ஆளும் எங்கே என்று உங்கள் செயலணிகளில் ஒருவராவது கேட்டாரா?

அடுத்ததாக அக்டோபரில் நானோ நைதரசன் விமானத்தில் வந்தது. அரை லீற்றர்ப் போத்தலில் நூற்றுக்கு நான்கு பங்கு நைதரசன், அதாவது 20 கிராம். அது ஒரு மூடை யூரியாவுக்குச் சமம் என்றார்கள். ஒரு மூடையில் இருப்பது 20 கிலோவுக்கு மேல். கிராமுக்கும் கிலோவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பயிர் காட்டிவிட்டது. மட்டம் வெடிக்காத பயிர் நிலத்தை மூடவில்லை, மூடாத இடத்தில் கோரையும் புல்லும் ஏறின. களைகொல்லியும் இல்லை. வயலுக்குக் கிடைத்த கொஞ்ச நைதரசனையும் களை எடுத்துக்கொண்டது. பொட்டாசும் போதாமல் வந்த கதிரிலும் சப்பி, அதாவது மணியில்லாப் பதர், மிஞ்சியது. நவம்பர் இறுதியில் தடையை நீக்கினீர்கள். அப்போது விதைப்பு பெரும்பாலும் முடிந்திருந்தது, யூரியா எங்கும் இருக்கவில்லை. முன்பு 350 ரூபாவுக்கு மானியத்தில் கிடைத்த மூடைக்குத் தனியார் கடையில் பல்லாயிரம் ரூபா கேட்டார்கள்.

இவற்றை முன்கூட்டியே சொன்ன விவசாய விஞ்ஞானிகள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புத்தி மாறம்பே, வாய் திறந்ததற்காக விவசாய அமைச்சில் வகித்த பொறுப்புகளிலிருந்து நீக்கப்பட்டார். சீனாவிலிருந்து கப்பலில் வந்த சேதனப் பசளையின் மாதிரிகளில் தீங்கான பற்றீரியா உண்டு என்று தாவரத் தொற்றுத் தடுப்புப் பிரிவு கண்டுபிடித்து அனுமதி மறுத்தது. அந்த அதிகாரிகள் தங்கள் கடமையைச் செய்தார்கள். ஆனாலும் இறக்காத அந்தச் சரக்குக்காக இந்த ஜனவரியில் 67 இலட்சம் டொலர் கட்டப்பட்டது. மருந்துக்கும் எரிவாயுவுக்கும் டொலர் இல்லாத நாட்டில்!

வன்னிக்கு யூரியாத் தடை புதிதும் அல்ல. போர்க்காலத்தில், நீங்கள் பாதுகாப்புச் செயலாளராக இருந்த ஆண்டுகளிலும், வெடிபொருளுக்குப் பயன்படும் என்று சொல்லி யூரியாவை மறித்தார்கள். அன்று தமிழர் வயல் மட்டும் வாடியபோது தெற்கில் கேட்பார் இருக்கவில்லை. இன்று அநுராதபுரத்துச் சிங்களக் கமக்காரரும் அம்பாறை முஸ்லிம் கமக்காரரும் அதே நிலையில் நிற்கிறார்கள். மலையகத்தில் பசளையில்லாத் தேயிலையில் கொழுந்து குறைய, நாளுக்கு இத்தனை கிலோ பறித்தால்தான் ஆயிரம் ரூபா என்று தொழிலாளரின் சம்பளத்தில் வெட்டு விழுகிறது. பிழை என்று நீங்கள் ஒப்புக்கொண்டது பசளையை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியிலிருந்து வீதியோரம், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி இருக்கும் தாய்மாருக்கு என்ன பதில்? அதற்கும் ஒரு நாள் பதில் சொல்ல வேண்டி வரும்.

கொழும்பு காலிமுகத்திடலில் இளைஞர்கள் உங்களை வீட்டுக்குப் போகச் சொல்கிறார்கள். அந்தக் கோரிக்கையில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் குளத்துத் தண்ணீர் அரசாங்கம் மாறும்வரை காத்திருக்காது. நீங்கள் அந்தக் கதிரையில் இருக்கும்வரை இந்தப் போகத்துக்கு நீங்களே பொறுப்பு. அதனால் தயவுடன் கேட்கிறோம்: எந்தத் திகதி, எத்தனை கிலோ?

பசளை இல்லை என்றால் இல்லை என்று விதைப்புக்கு முன் சொல்லுங்கள். அதுவும் எங்களுக்குப் பயன்படும் பதில்தான். நெல்லை விட்டுப் பயறோ கௌபியோ உழுந்தோ போடலாம். அவை காற்றிலிருந்து நைதரசனைத் தாமே எடுத்துக்கொள்ளும், தண்ணீரும் குறைவு, பயறு இரண்டு இரண்டரை மாதத்தில் வீட்டுக்கு வந்துவிடும். அரைவாசிதான் வரும் என்றால் அரைவாசிக் காணியை மட்டும் நெல்லுக்கு விடலாம். வரும் வரும் என்று நம்பவைத்து முழுக் காணியிலும் நெல்லை விதைக்கவிட்டு ஆறாம் கிழமையில் கைவிரித்தால், விதைநெல்லும் உழவுக் கூலியும் குளத்துத் தண்ணீரும் சேர்ந்து போகும். கடந்த போகக் கடனே பலருக்கு அடைபடவில்லை.

டீசல் லீற்றர் 176 ரூபாவிலிருந்து 289 ஆகிவிட்டது. அந்த விலைக்கும் கானில் (கையில் கொண்டுபோகும் கலனில்) தர மறுக்கிறார்கள். உழவு இயந்திரத்தை வயலிலிருந்து எண்ணெய் நிலையத்துக்கு ஓட்டிப் போய் வரிசையில் நின்றால், அடித்த டீசலில் ஒரு பங்கு தெருவிலேயே முடிந்துவிடும். கமநல சேவை நிலையம் ஏக்கர்க் கணக்குப் பார்த்துத் தரும் அனுமதிச் சிட்டைக்குக் கானில் டீசல் கொடுக்கும்படி எல்லா நிலையங்களுக்கும் உத்தரவிடுங்கள். ஜனவரியில் அறிவித்த 4,000 கோடி ரூபா நட்டஈட்டை, பதிவிலுள்ள ஏக்கர் அளவையும் விளைச்சல் எவ்வளவு குறைந்தது என்பதையும் வைத்துக் கணக்கிடுங்கள். விற்க நெல்லே இல்லாதவருக்குத்தான் அது முதலில் போய்ச் சேர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த ஒரு விபரம். ஒவ்வொரு கமநல சேவை நிலையத்துக்கும் எத்தனை மூடை யூரியா, எத்தனை மூடை பொட்டாசு, ஏக்கருக்கு எத்தனை கிலோ, மூடை என்ன விலை, எந்தத் திகதியில் கொடுபடும் என்பதை மே முதலாம் திகதிக்கு முன் அந்தந்த நிலையத்தின் அறிவித்தல் பலகையில் போடும்படி பணித்தருள வேண்டுகிறோம். வடக்கு கிழக்கில் அந்த அறிவித்தல் தமிழில் இருக்க வேண்டும். சொன்ன திகதியில் வராவிட்டால் அதையும் அதே பலகையில் மறுநாளே எழுத வேண்டும்.

இப்படிக்கு,
வன்னியில் நெல் விளைவிப்போர் சார்பில்
2022 ஏப்ரல்