பொருள்: எடின்பரோ 'மூன்று இரவு' பாஸ், முழுப் பணத்தையும் திருப்பித் தருவது பற்றி

முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் அலுவலகத்துக்கு இதற்கு முன்பும் எழுதியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று ஒரே பதில் வந்தது, அதுவும் கணினி தானாக அனுப்புகிற பதில். ஆகவே இதைத் தயவுசெய்து நீங்களே வாசியுங்கள். ஃபோன் எடுக்கிற பையன்களிடம் கொடுக்க வேண்டாம். முக்கியமாக அந்தப் பையனிடம் கொடுக்கவே வேண்டாம். யார் என்று உங்களுக்குத் தெரியும்.

நான் உங்களிடம் வாங்கியது எடின்பரோவில் பலஸ்தீனக் கலை நிகழ்ச்சிகளுக்கான மூன்று இரவு பாஸ், பஸ்ஸோடு சேர்ந்தது. அது என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை, லண்டன் ஹாரோவில் இருக்கிற உங்கள் கடையின் கண்ணாடி முழுக்க ஒட்டி வைத்திருந்தவர்கள் நீங்கள்தானே. முதல் இரவு நாடகம், அடுத்தது கவிதை, கடைசி இரவு ஊத் என்கிற அரபு நரம்பு வாத்தியத்தின் இசை. ஒரு பாஸ் 128 பவுண். எனக்கு ஒன்று, பெரியப்பாவுக்கு ஒன்று.

பஸ் பிந்தியது, ஹீட்டர் வேலை செய்யவில்லை. அதை விடுவோம். நாடகத்துக்கு நேரத்தோடு போய்விட்டோம். வாசலில் நின்ற பிள்ளை என் ஃபோனை வாங்கி மெஷினில் காட்டியது. சிவப்பு. வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டியது. சிவப்பு. பெரியப்பா எதையும் கடதாசியில் எடுத்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைப்பவர். அந்தக் கடதாசியை விரித்து, மடிப்பு விழுந்த இடத்தைக் கையால் நீவி, திரும்பவும் காட்டியது. சிவப்புத்தான். பிறகு கணினியில் பார்த்துவிட்டு, "உங்கள் இரண்டு இடங்களையும் வித்தவர்களே வேறு நிகழ்ச்சிக்கு மாத்தியிருக்கினம்" என்று சொன்னது. யாரோ ஒரு நகைச்சுவைக்காரர் தனியாக நின்று பேசுகிற நிகழ்ச்சிக்கு! எங்களைக் கேட்காமல்!

உள்ளே கதவு சாத்துகிற சத்தம் கேட்கிறது. வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். நான் வெளியில் காற்றுக்குள் நின்று உங்கள் இலக்கத்தை அழுத்திக்கொண்டு நிற்கிறேன்.

நெடுநேரம் பாட்டுப் போட்டுவிட்டுக் கடைசியில் அந்தப் பையன் எடுத்தான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அன்ரி, அது ஆக்கள் காணாத ஷோ. உங்களுக்கு அதுக்கு இணையான ஒண்டு தந்திருக்கிறம். அங்க போய் அழுறதைப் பாக்கிறதுக்கு இங்க போய்ச் சிரிக்கலாம்தானே." நான் பேசி முடிக்க முன்பே வைத்துவிட்டான். ஆட்கள் காணாத ஷோவாம். கதவில் 'இடமில்லை' என்ற மட்டையை என் கண்ணாலேயே பார்த்தேன். எங்கள் இரண்டு கதிரையிலும் யாரை இருத்தினீர்கள், என்ன விலைக்கு?

இணையான நிகழ்ச்சி என்றால் என்ன என்று எனக்குச் சொல்லுங்கள். அன்று மேடையில் இருந்தவை காஸாப் பிள்ளைகளின் தனிமொழிகள். 2008-09 போருக்குப் பிறகு, மேற்குக் கரையின் ரமல்லாவில் இருக்கிற அஷ்தார் நாடகக் குழு அந்தப் பிள்ளைகளை வைத்து எழுதுவித்தவை அவை, 2010இலிருந்து பல நாடுகளில் பல மொழிகளில் மேடையேறுகின்றன. பலஸ்தீன நாடகம் என்பது யாரோ நேற்றுத் தொடங்கிய விஷயம் இல்லை. கிழக்கு ஜெருசலத்தில் எரிந்துபோய்க் கிடந்த சினிமாக் கொட்டகையைத் திருத்தி 1984இல் அரங்கம் ஆக்கியவர்கள் அல்-ஹகவாத்தி குழுவினர். மேற்குக் கரையின் ஜெனின் அகதி முகாமில் சுதந்திர அரங்கை 2006இல் தொடங்கிய நடிகர் ஜூலியானோ மெர்-காமிஸை 2011இல் அந்த அரங்குக்கு வெளியிலேயே சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பிறகும் அந்த அரங்கு நடந்தது. இதற்கு இணையாக உங்களிடம் என்ன இருக்கிறது?

மேற்குக் கரையிலிருந்து ஒரு நடிகர் வெளிநாடு போவதென்றால் பாலம் கடந்து ஜோர்டானுக்குள் போய், அம்மானில்தான் விமானம் ஏற வேண்டும். அதற்கு அனுமதி, விசா, காத்திருப்பு எல்லாம் வேறு. அவர்கள் அத்தனையையும் தாண்டி எடின்பரோ வந்து சேர்ந்துவிட்டார்கள். உங்கள் பாஸ் ஹாரோவிலிருந்து என் ஃபோனுக்கு ஒழுங்காக வந்து சேரவில்லை.

மன்னிக்கவும், குரலை உயர்த்த விரும்பவில்லை. நீங்கள் நல்லபடியாக நடத்துகிற நிறுவனம் என்று எங்கள் பக்கத்து வீட்டு அண்ணை சொல்லித்தான் வந்தேன்.

அடுத்த நாள் காலையில் உங்களிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி: "பொக்ஸ் ஒஃபிஸில் போய்க் காட்டுங்கள், மாற்றித் தருவார்கள்." எந்த பொக்ஸ் ஒஃபிஸ் என்று இல்லை. பெரியப்பாவுக்கு எழுபத்தொன்பது வயது, முழங்கால் ஏலாது. எடின்பரோவில் நேரான றோட்டு எங்கே இருக்கிறது, எல்லாம் ஏற்றமும் இறக்கமும் படிக்கட்டும். ஒரு இடத்தில் கேட்டால் மற்ற இடம் என்றார்கள். அங்கே போனால், "நாங்கள் வித்தது இல்லை, உங்களுக்கு வித்தவர்களிடம் கேளுங்கள்" என்று மரியாதையாகச் சொன்னார்கள். ஐயோ, அந்த அலைச்சலைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நடுவில் ஒரு சேர்ச் படியில் அவரை இருத்திவிட்டு நான் ஓடி ஓடிக் கேட்டுக்கொண்டு திரிந்தேன். கவிதை இரவும் போய்விட்டது.

அந்தக் கவிதை இரவு அவருக்கு என்ன என்று உங்களுக்கு விளங்காது. 1981இல் ஈழத்துக் கவிஞர் நுஃமான் தமிழில் மொழிபெயர்த்துக் கொண்டுவந்த பலஸ்தீனக் கவிதைகளை ஊரில் வாசித்த தலைமுறை அது. இடம்பெயர்ந்தபோது நகைப் பெட்டியை விட்டுவிட்டு அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவர் (பெரியம்மா இன்றைக்கும் இதைச் சொல்லிச் சண்டை பிடிப்பா). பலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷின் வரியை அரபியில் ஒரு தரம் காதால் கேட்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. 2023 டிசம்பரில் காஸாவில் குண்டுவீச்சில் கொல்லப்பட்ட ரெஃபாத் அல்-அரீர் என்ற கவிஞரின் கவிதையும் அன்று வாசிப்பதாக இருந்தது. இது இனி அவர் வாழ்நாளில் வருமா? வராது. அதற்கு எத்தனை பவுண் போடுவது என்று நீங்களே கணக்குப் பாருங்கள். அன்றிலிருந்து அவர் உடம்பும் சரியில்லை. அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு.

கடைசி இரவு மட்டும் வாசலில் புதிதாகக் காசு கட்டி உள்ளே போனோம். 44 பவுண், பற்றுச்சீட்டு இணைத்திருக்கிறேன். ஊத் வாசித்தவர் ஒரே சுரத்தை இழுத்து, நமக்குத் தெரிந்த இரண்டு சுரங்களுக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். பெரியப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். நாசரேத்து ஜுப்ரான் சகோதரர்கள் தர்வீஷ் கவிதை வாசிக்கும் மேடைகளில் வாசித்த இசை இப்படித்தான் இருந்திருக்கும் என்று திரும்பி வரும்போது சொன்னார். நல்ல இரவு. அதில் உங்கள் பங்கு ஒன்றும் இல்லை.

லண்டன் வந்து நேரில் கதைப்போம் என்று மழையில் ஹாரோவுக்கு வந்தேன். ஷட்டர் பூட்டு, "ஒன்லைனில் தொடர்புகொள்ளவும்" என்று மட்டை. ஒன்லைனில் தொடர்புகொண்டால் அதே பையன். "எல்லாம் ஒரே அரபிப் பாட்டுத்தானே, ஒரு நாள் பாத்தால் காணாதா? வேணுமெண்டால் நட்சத்திர இரவுக்கு வவுச்சர் போட்டுத் தாறன்." இதுதான் உங்கள் வாடிக்கையாளர் சேவை.

சரி. கேட்பது இவ்வளவுதான். இரண்டு பாஸின் காசு 256 பவுண், வாசலில் கட்டிய 44 பவுண், ஆக 300 பவுண். வவுச்சராக இல்லை, என் கார்டுக்கே வர வேண்டும். அந்தப் பையன் பெரியப்பாவுக்கு ஃபோன் எடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும், தமிழில், ஒழுங்காக. இரண்டு கிழமை தருகிறேன். பிறகு வங்கிக்குப் போவேன். கிரெடிட் கார்டில் 100 பவுணுக்கு மேல் கட்டி வாங்கியது சரியாக வராவிட்டால் கார்டு கொடுத்தவர்களும் பொறுப்பு என்று 1974ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வியாபாரிகளைக் கண்காணிக்கிற ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கும் எழுதுவேன், சிறு வழக்கு நீதிமன்றத்துக்கும் போவேன். கோயில் திருவிழாவுக்கு வருகிற சனம் முழுக்கச் சொல்லுவேன், அது இவை எல்லாவற்றையும் விட உங்களுக்குச் சுடும்.

அந்த அளவுக்குக் கொண்டுபோக எனக்கு விருப்பம் இல்லை. தயவுசெய்து முடித்துத் தாருங்கள்.

இப்படிக்கு,
பாஸ் வாங்கிய வாடிக்கையாளர்

பி.கு.: நட்சத்திர இரவு விளம்பரம் நேற்றும் ஃபோனுக்கு வந்தது. அதையும் நிறுத்துங்கள்.