பழைய ஓப்பெத் கோஷ்டிக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பழைய ஓப்பெத் அண்ணன்மார்களுக்கு (அக்காமார்களும் இருக்கீங்க, கம்மியா இருந்தாலும் சத்தம் ஜாஸ்தி, உங்களுக்கும் சேத்துதான்),

2024 நவம்பர்ல ஸ்வீடன் மெட்டல் பேண்ட் ஓப்பெத்தோட தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட் ஆல்பம் வந்ததுல இருந்து நீங்க எல்லாம் ஒரே கொண்டாட்டத்துல இருக்கீங்க. க்ரௌல் (தொண்டைல இருந்து உறுமிப் பாடறது) திரும்பி வந்துடுச்சு, பாடறவரும் கிட்டார் வாசிக்கறவருமான மிக்கேல் ஓக்கர்ஃபெல்ட் ஒருவழியா திருந்திட்டாரு, நடுவுல வந்த நாலு ஆல்பமும் வீட்ட விட்டு ஓடிப்போன புள்ள ஊர் சுத்துன கணக்கு, இப்ப வந்துட்டான்ல விடு, அப்படின்னு. உங்க சந்தோஷத்துல மண்ணள்ளிப் போட நான் வரல, நானும் அந்த ஆல்பத்த திரும்பத் திரும்ப கேட்டுட்டுதான் இருக்கேன். ஆனா க்ரௌல் இல்லாம ஹெரிடேஜ் ஆல்பம் வந்த 2011-ல இருந்து பதிமூணு வருஷமா நாம க்ரௌல் இருக்கா இல்லையான்னு ஒரே விஷயத்துலயே சண்டை போட்டுட்டு, இந்த பேண்டோட சவுண்டுல நெஜமா எது மாறிச்சுங்கறத பேசவே இல்லங்கறதுதான் என் குறை.

முதல்ல இந்த க்ரௌல் கணக்க முடிச்சுடலாம். 1996-ல வந்த மார்னிங்ரைஸோட கடைசி பாட்டு டு பிட் யூ ஃபேர்வெல், பத்து நிமிஷத்துக்கு மேல ஓடும், அதுல ஒரு எடத்துல கூட க்ரௌல் கிடையாது. 1998-ல க்ரீடன்ஸும் அப்படித்தான். 1999-ல ஸ்டில் லைஃப் ஆல்பத்துல பினைட்டட், ஃபேஸ் ஆஃப் மெலிண்டா. 2001-ல பிளாக்வாட்டர் பார்க்ல ஹார்வெஸ்ட். அப்புறம் 2003-ல டாம்னேஷன், முழு ஆல்பமும் மெல்லிசா பாடினது, அதுவும் டெலிவரன்ஸ் கூட ஒரே சமயத்துல ரெக்கார்ட் பண்ணி, ஒன்னு கொடூரமா ஒன்னு சாதுவான்னு தனித்தனியா சில மாச இடைவெளில விட்டாங்க. அப்ப யாராச்சும் "துரோகம்"னு கத்துனீங்களா? இல்ல. இன்னும் சொல்லப்போனா டாம்னேஷனத்தான் ஹாஸ்டல்ல மத்தவங்களுக்கு போட்டுக்காட்டி ஆள் புடிச்சீங்க, "மெட்டல் புடிக்காதா, இத கேளு"ன்னு ஹெட்போன நீட்டுனது நீங்கதான். அந்த குரல் மேல உங்களுக்கு என்னைக்குமே கோவம் இருந்ததில்ல.

சரி, அடுத்தது. "பழைய ஓப்பெத்"ன்னு சொல்றீங்களே, எந்த பழைய ஓப்பெத்? முதல் ரெண்டு ஆல்பமும் டான் ஸ்வானோவோட யூனிசவுண்ட் ஸ்டுடியோல பண்ணது, அதுல ரெண்டு கிட்டாரும் ஒன்னோட ஒன்னு பின்னிக்கிட்டே போகும், அடிச்சு நொறுக்குற ரிஃப் (திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் துணுக்கு) கம்மி, பிளாக் ரோஸ் இம்மார்ட்டல் இருபது நிமிஷம், திரும்ப ஒரு எடத்துக்கு வரணும்ங்கற எண்ணமே இல்லாம போய்க்கிட்டே இருக்கும். அடுத்த ஆல்பத்துக்கு பேஸும் ட்ரம்ஸும் ஆள் மாறிச்சு, ஸ்டுடியோ மாறி கோத்தன்பர்க்ல ஃப்ரெட்மான் போனாங்க, 1998-ல வந்த அந்த மை ஆர்ம்ஸ் யுவர் ஹெர்ஸ்ல சவுண்ட் திடீர்னு கனமாயிடுச்சு, புதுசா வந்த பேஸிஸ்ட் மெண்டஸுக்கு பாட்டு கத்துக்க டைம் இல்லன்னு ஓக்கர்ஃபெல்டே பேஸ் வாசிச்சாரு. மார்னிங்ரைஸையும் இதையும் அடுத்தடுத்து போட்டு கேட்டா ரெண்டும் வேற வேற பேண்டுன்னே சொல்லலாம். 2001-ல ஸ்டீவன் வில்சன் ப்ரொட்யூசரா உள்ள வந்து குரல் மேல குரலா அடுக்குனாரு. 2005 கோஸ்ட் ரெவரீஸ்ல பெர் விபெர்க் கீபோர்டோட உள்ள வந்துட்டாரு, ஆர்கனும் மெல்லோட்ரானும் (டேப்ல ஓடற பழைய கீபோர்டு) அப்பவே வந்தாச்சு, ஹெரிடேஜுக்கு ஆறு வருஷம் முன்னாடியே. ஆக நீங்க பழசுன்னு சொல்றதுக்குள்ளயே மூணு தடவ ஆளும் சவுண்டும் மாறியிருக்கு.

இன்னொன்னு, அந்த மனுஷன் எதையும் மறைக்கவும் இல்ல. மை ஆர்ம்ஸ் யுவர் ஹெர்ஸ்ங்கற பேரே கோமஸ்ங்கற பிரிட்டிஷ் ஃபோக் பேண்ட் 1971-ல போட்ட பாட்டு வரில இருந்து எடுத்தது. ஸ்டில் லைஃப்ங்கற பேர்ல 1976-லயே வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் ஆல்பம் இருக்கு. பிளாக்வாட்டர் பார்க் எழுபதுகள்ல இருந்த ஒரு ஜெர்மன் பேண்டோட பேரு. நீங்க டி-ஷர்ட்ல போட்டுட்டு சுத்துற அத்தன பேரும் எழுபதுகளோட ராக் மேல அவருக்கு இருக்குற பைத்தியத்துக்கு சாட்சிதான், நாமதான் அட்டைய பாத்துட்டு உள்ள இருக்குற டெத் மெட்டல மட்டும் கேட்டோம்.

இப்ப மெயின் விஷயத்துக்கு வரேன். 2011-ல ஹெரிடேஜ்ல நெஜமாவே ஒன்னு போச்சு, அத நான் ஒத்துக்கறேன், புது ஓப்பெத் ரசிகர்கள் யாராவது "ஒன்னுமே போகல, நீங்க இரைச்சல் புடிச்சவங்க"ன்னு சொன்னா அவங்ககிட்டயும் சண்டை போடுவேன். கோஸ்ட் ரெவரீஸோட முதல் பாட்டு கோஸ்ட் ஆஃப் பெர்டிஷன் எப்படி ஆரம்பிக்குது? சில நொடி மெல்ல கிட்டார் தடவுற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் எந்த எச்சரிக்கையும் இல்லாம எல்லாமே ஒரே அடியா மேல விழும். பிளாக்வாட்டர் பார்க்ல வர்ற தி டிரேப்பரி ஃபால்ஸ்ல தலைகீழ், நிமிஷக்கணக்கா சோகமா பாடிட்டே இருப்பாரு, ஆனா கிட்டாருக்கு அடியில எதோ சரியில்லன்னு உங்களுக்கு தெரிஞ்சுட்டே இருக்கும், பாதி பாட்டு தாண்டினப்புறம்தான் அது வெளிய வரும். அந்த பயம்தான் ஓப்பெத். அமைதியான எடத்துல கூட நிம்மதியா உக்கார முடியாது, இது எப்ப உடையும்னு காது காத்துட்டே இருக்கும், அதனாலதான் ஒரு சாதாரண அகூஸ்டிக் கிட்டார் கூட அவ்ளோ அழகா கேட்டுச்சு. டாம்னேஷன தனியா கேட்டா கூட பக்கத்துலயே டெலிவரன்ஸ் இருக்குங்கற நெனப்பு இருக்கும்ல, அந்த நெனப்பே போதும்.

ஹெரிடேஜ்ல இந்த பயத்த எடுத்துட்டாங்க. கிட்டார்ல டிஸ்டார்ஷன (அந்த கரகரப்ப) கொறச்சு, ட்ரம்ஸ ரூம்ல வாசிச்ச மாதிரியே காய வச்சு, ஆர்கன முன்னாடி கொண்டு வந்தாச்சு. ரெண்டு நிமிஷ பியானோல ஆல்பம் ஆரம்பிக்கும், ஃபேமின்ல புல்லாங்குழல் வரும், எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா அமைதி வந்தா அமைதியாவே இருக்கும், அடுத்து ஒன்னும் ஆகாதுன்னு ரெண்டாவது தடவ கேக்கறப்பவே தெரிஞ்சுடும். அதுக்கு மேல, பாட்டோட ஒவ்வொரு பகுதியும் வெட்டி ஒட்டுன மாதிரி இருக்கும், ஒன்னுல இருந்து இன்னொன்னுக்கு ஏன் போறோம்னு காரணமே இருக்காது. இதுக்கும் க்ரௌலுக்கும் சம்பந்தமே இல்ல. ஹெரிடேஜ் மேல அப்படியே க்ரௌல ஒட்டி வச்சாலும் அது பிளாக்வாட்டர் பார்க் ஆகியிருக்காது, இத நீங்க மனசுல ஓட்டி பாத்தாலே புரியும்.

ஆளும் மாறிட்டாங்க, அதையும் சேத்துதான் பேசணும். 2006-ல ட்ரம்மர் மார்ட்டின் லோபஸ் போயிட்டாரு, அவரோட ட்ரம்ஸ்ல ஒரு ஆட்டம் இருக்கும், கனமான ரிஃபுக்கு அடியில கூட இடுப்ப அசைக்கிற மாதிரி ஒரு க்ரூவ். 2007-ல கிட்டாரிஸ்ட் பீட்டர் லிண்ட்க்ரென் போனாரு. அவர் பெரிய சோலோ ஆளு இல்ல, ஆனா ரெண்டு கிட்டாரும் சேந்து ஒரே செவுரா நிக்குற அந்த சவுண்ட்ல பாதி அவரோடது. அவருக்கு பதிலா வந்த ஃப்ரெட்ரிக் ஓக்கஸன் ஆர்ச் எனிமிங்கற இன்னொரு மெட்டல் பேண்டுல இருந்து வந்தவரு, சோலோல பிச்சு எடுப்பாரு, 2008 வாட்டர்ஷெட்ல பர்டன் கேளுங்க, ஆனா அது வேற விதமான கிட்டார் ஜோடி. நீங்க ஏங்குற அந்த ஓப்பெத் 2007-லயே பாதி கலைஞ்சாச்சு, வாட்டர்ஷெட்ல க்ரௌல் இருந்ததால நாம கவனிக்கல.

நம்ம ஊர்ல இந்த சண்டை கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கறதுக்கு ஒரு காரணம் இருக்குன்னு நெனைக்கறேன். 2009-ல ஐஐடி மெட்ராஸோட சாரங் கலைவிழாவுக்கு அவங்க வந்தாங்க, வாட்டர்ஷெட் வந்த கையோட, ஹெரிடேஜுக்கு முன்னாடி. அன்னைக்கு அங்க இருந்தவங்களுக்கு ஓப்பெத்னா அந்த ராத்திரிதான், அதுக்கப்புறம் வந்த எதுவும் அதோட போட்டி போடணும். ராஜான்னா எண்பதுகள் மட்டும்தான்னு சொல்ற பெரியவங்கள பாத்து சிரிக்கிற நாமளே, நம்ம பேண்டுன்னு வரும்போது அதே வேலையத்தான் பாக்கறோம்.

ஒரு கோவம் மட்டும் உங்களுக்கு முழுசா நியாயம். 2011-ல ஹெரிடேஜ் டூர்ல பழைய க்ரௌல் பாட்டு எதையுமே வாசிக்காம ஓட்டுனாங்க, காசு குடுத்து டிக்கெட் வாங்குனவன் டெமன் ஆஃப் தி ஃபால் வரும்னு கடைசி வரைக்கும் நின்னுட்டு வெறுங்கையோட போனான். அது வீம்பு, வேற என்ன சொல்றது. ஆனா அப்புறம் திரும்ப வாசிக்க ஆரம்பிச்சாங்களே, 2017-ல அமெரிக்கால ரெட் ராக்ஸ்ல எடுத்த லைவ் ஆல்பம் இருக்கு, அதுல டெமன் ஆஃப் தி ஃபாலும் இருக்கு, டெலிவரன்ஸும் இருக்கு, க்ரௌல் இடி மாதிரி இருக்கு. மேடைல இருந்தத "திரும்பி வந்துடுச்சு"ன்னு 2024-ல கொண்டாடுறது கொஞ்சம் லேட்டு.

நடுவுல வந்த மத்த மூணையும் பத்தி சுருக்கமா. பேல் கம்யூனியன் (2014) ஹெரிடேஜ் தடுமாறுன எடத்துல எல்லாம் நேரா நடந்த ஆல்பம், மூன் அபவ் சன் பிலோ கேட்டுட்டு அதுல கனம் இல்லன்னு சொல்லுங்க பாப்போம். சோர்ஸரஸ் எனக்கு ஒட்டவே இல்ல, டைட்டில் பாட்டு ரிஃப் தவிர. இன் காடா வெனெனம் (2019) ஸ்வீடிஷ்ல ஒன்னு இங்கிலீஷ்ல ஒன்னுன்னு ரெண்டு வடிவத்துல வந்துச்சு, ஸ்வீடிஷ் வடிவத்தையே கேளுங்க, தன்னோட சொந்த பாஷைல பாடறப்ப அவரு குரல் இன்னும் இறுக்கம் இல்லாம வருது.

இப்ப லாஸ்ட் வில்லுக்கு வாங்க. முதல் உலகப்போருக்கு அப்புறம் நடக்குற கதை, ஒரு பணக்கார அப்பா செத்துட்டாரு, புள்ளைங்க உக்காந்து உயில் படிக்கறத கேக்கறாங்க. ஏழு பாட்டுக்கு பேரே இல்ல, உயில்ல பத்திக்கு போடற குறியும் நம்பரும் மட்டும். அதுல க்ரௌல் அந்த அப்பனோட குரூரம், செத்தப்புறமும் வீட்ட ஆட்டி வைக்கிற குரல், அதனாலதான் ஒரே பாட்டுல ரெண்டு வரி க்ரௌல் அடுத்த வரி சாதாரண குரல்னு மாறிட்டே இருக்கு. ஜெத்ரோ டல்ங்கற பழைய பிரிட்டிஷ் ராக் பேண்டோட இயன் ஆண்டர்சன் நடுவுல பேசறாரு, புல்லாங்குழலும் வாசிக்கறாரு. எந்த பாட்டும் பத்து நிமிஷம் போகல, எதுவும் ஒரு எடத்துல நிக்கறதில்ல, பன்னெண்டு நிமிஷம் பொறுமையா கட்டி உடைக்கிற பழைய வேலை இதுல கிடையாது. கடைசி பாட்டுக்கு மட்டும் பேரு இருக்கு, எ ஸ்டோரி நெவர் டோல்ட், அதுல க்ரௌலே இல்ல. இது நேரா பேல் கம்யூனியன், இன் காடா வழியா வந்த ஆல்பம். அந்த பயம் இதுல திரும்பி வந்திருக்குன்னு நான் நெனைக்கறேன், ஆனா அது வந்தது கதையால, புது ட்ரம்மர் வால்ட்டெரி வாய்ரினெனோட ட்ரம்ஸால, க்ரௌல் மூணாவதுதான்.

அதனால ஒரு வேண்டுகோள், ஒன்னே ஒன்னு. புதுசா யாராவது எங்க இருந்து கேக்க ஆரம்பிக்கணும்னு கேட்டா "2008-ஓட நிறுத்திக்கோ"ன்னு சொல்லி அனுப்பாதீங்க. லாஸ்ட் வில் கேட்டுட்டு வர்ற பசங்கதான் இப்ப நெறைய, அவங்களுக்கு இன் காடா அடுத்த வீடு, மார்னிங்ரைஸ்தான் தூரம். அவங்க மெதுவா வரட்டும். பிளாக் ரோஸ் இம்மார்ட்டல்ல எதாவது ஒரு எடத்துல தூங்கிடுவாங்க, அப்ப திட்டிக்கலாம்.

இப்படிக்கு,
உங்க கோஷ்டிலயே இருந்து உங்களோடயே மல்லுக்கட்டுற ஒருத்தன்