பெயர் வேண்டாம் என்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

வைரஸால் வரும் தலை, கழுத்துப் புற்றுநோய்கள் பற்றிய நோயாளர் கையேட்டுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் எங்கள் நன்றி. பெயர் போட வேண்டாம் என்றுவிட்டீர்கள். செய்த உதவியையாவது சொல்லிவிடுகிறோம்.

முதல் நன்றி ஆய்வகத் தொழில்நுட்பர்களுக்கு. பயாப்ஸித் துண்டைப் போலப் பத்து மடங்கு 10% ஃபார்மலின் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்), 6 முதல் 48 மணி நேர ஊறல் என்று அளவு சொல்லித் தந்தவர்கள் நீங்கள். அவசரப்பட்டு முன்னதாக எடுத்தால் பி16 என்ற புரதத்தைக் காட்டும் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும், முடிவு சொல்ல முடியாது. குறைந்தது 70% புற்றுச் செல்களில், உட்கருவிலும் சைட்டோபிளாசத்திலும் நன்றாக ஏறினால்தான் பாசிட்டிவ். இந்தப் புற்றுநோய்களை உண்டாக்கும் எச்பிவி (மனித பாப்பிலோமா வைரஸ்) என்ற வைரஸின் ஈ7 புரதம், செல் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் ஆர்பி புரதத்தை முடக்குவதால்தான் பி16 பெருகுகிறது; வைரஸ் இல்லாமலும் சில கட்டிகளில் பெருகும். அதனால் சந்தேகம் வந்தால் எச்பிவி ஆர்என்ஏ சோதனையையும் கேட்க வேண்டும் என்ற வரி உங்களுடையதே.

காது மூக்கு தொண்டை மருத்துவர்களுக்கு: நடுவயதில் வலியில்லாமல் வரும் கழுத்துக் கட்டிக்கு ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிக் கொடுத்து மாதங்கள் கழிவதைப் பட்டென்று எழுதினீர்கள். நீர்கோத்த கட்டியில் ஊசிக்கு வெறும் நீர்தான் வரும், ரிப்போர்ட்டில் புற்றுச் செல் இல்லை என்றிருக்கும். ஸ்கேன் பார்த்துக்கொண்டே கட்டியின் சுவரில் குத்தி எடுக்க வேண்டும். மூலக்கட்டி டான்சில் மடிப்புக்குள்ளோ நாக்கின் பின்புற வேர்ப்பகுதியிலோ கடுகளவாய் ஒளிந்திருக்கும்.

கன்னம், ஈறு ஆகியவற்றில் வரும் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் புகையிலையும் பாக்கும்தான் காரணம். மூக்கின் பின்புறத் தொண்டையில் வருவதற்கு ஈபிவி (எப்ஸ்டீன்-பார் வைரஸ்) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றுக்குத் தனிப் பக்கம் கேட்டவருக்கும் நன்றி.

புற்றுநோய் மருத்துவர் ஒருவர் கட்டம் கட்டிச் சேர்த்தது இது: எச்பிவி பாசிட்டிவ் என்றால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்தான், அதற்காகச் சிகிச்சையைத் தானாகக் குறைக்கக் கூடாது. கதிர்வீச்சுடன் தரும் சிஸ்பிளாட்டின் என்ற மருந்துக்குப் பதில் செடுக்சிமாப் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில் பிழைத்தவர் விகிதம் குறைந்தது.

ஆலோசகர்களே, ‘யாரிடமிருந்து வந்தது?’ என்ற கேள்விக்கு நீங்கள் எழுதிய பதிலை ஓர் எழுத்தும் மாற்றாமல் அச்சிட்டிருக்கிறோம். உடலுறவு வழியாகப் பரவும் எச்பிவித் தொற்று பல்லாண்டுகளுக்கு முன்பே வந்திருக்கலாம். யாரிடமிருந்து என்று எந்தச் சோதனையும் காட்டாது. இன்றைய துணையைச் சந்தேகிக்க அதில் ஆதாரம் இல்லை.

நன்றியுடன்,
கையேட்டுக் குழு