மழைக்கு முன் ஒருமுறை மாடி ஏறிப் பாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆவணி பிறந்துவிட்டது. ஐப்பசி அடைமழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. தாம்பரம் பக்கத்தில் பிளம்பிங் சாமான் விற்றுக்கொண்டு, கசிவு வேலைகளும் செய்துவரும் எங்களுக்கு அதிகமான போன் வருவது தீபாவளியை ஒட்டித்தான். “சீலிங் ஒழுகுது, இன்னைக்கே ஆள் அனுப்புங்க” என்பார்கள். ஆனால் அந்த நேரத்தில் எங்களால் செய்ய முடிவது குறைவு. மொட்டை மாடிக்கு அடிக்கும் பூச்சுகளில் பெரும்பாலானவை நன்றாகக் காய்ந்த தளத்தில்தான் பிடிக்கும். சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டார் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல், கார்த்திகையில் இரண்டு நாள் வெயிலை நம்பிப் பூச்சு அடித்தோம். தை மாதம் அது பாய் பாயாக உரிந்து வந்தது. சித்திரையில் எங்கள் செலவில் மறுபடி செய்து கொடுத்தோம். அதனால்தான் இப்போதே எழுதுகிறோம்.

சுவரில் கறை தெரிந்ததும் பலர் முதலில் வாங்க வருவது பெயின்ட். தயவுசெய்து வேண்டாம். ஓதத்தின் (சுவரில் ஊறிய ஈரத்தின்) மேல் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால், அது உப்பி உதிரத்தான் செய்யும். செலவு செய்வதற்கு முன், கறை எப்போது ஈரமாகிறது என்று கவனியுங்கள். மழை பெய்தால் மட்டும் ஈரமானால் மாடியையோ வெளிச்சுவர் விரிசலையோ பார்க்க வேண்டும். மழையே இல்லாத சித்திரையிலும் ஈரம் இருந்தால், சுவருக்குள் போகும் பைப்போ மேல்வீட்டுக் குளியலறையோதான் பெரும்பாலும் காரணம். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை ஏறி, வெள்ளையாக உப்புப் பூத்தால் அது மண்ணிலிருந்து வரும் ஓதம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. தப்பான இடத்தை உடைத்துவிட்டு வருந்தியவர்களை நிறையப் பார்த்திருக்கிறோம்.

சரி, மாடிக்கு வருவோம். ஆயிரம் சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால், சுமார் 9,300 லிட்டர் தண்ணீர் விழுகிறது. ஒரு தண்ணீர் லாரி அளவு! அவ்வளவும் இரண்டு மூன்று மழைநீர் பைப் வழியாகத்தான் இறங்க வேண்டும். 2015 டிசம்பர் முதல் தேதி பெய்ததைத் தாம்பரத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். அப்படிப்பட்ட நாளில் பைப் வாயில் ஒரு பாலித்தீன் பையும் நாலு வேப்பிலைக் கொத்தும் அடைத்தாலே போதும், மாடி குளமாகிவிடும்.

அதனால் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மேலே போங்கள். பைப் வாயைச் சுத்தம் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கீழே மழைநீர் சேகரிப்புத் தொட்டியில் சேறு நிறைந்திருந்தாலும் தண்ணீர் எதிர்த்து நிற்கும். அதையும் தூர் வார வேண்டும். பிறகு தளத்தில் தண்ணீரைப் பரவலாக ஊற்றுங்கள். பத்தடிக்கு ஓர் அங்குலமாவது வாட்டம் (சரிவு) இருந்தால்தான் தண்ணீர் பைப்பைத் தேடிப் போகும். எங்கே தேங்குகிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். தட்டோடுகளைக் குச்சியால் தட்டிப் பாருங்கள். டொக்கென்று சத்தம் வந்தால் அடியில் பிடிப்பு விட்டிருக்கிறது. தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையைக் கட்டாயம் பாருங்கள். நாங்கள் பார்த்தவரை, நடுமாடியைவிட அந்த மூலையில்தான் அதிகம் கசிகிறது.

கசிவை விட்டுவைத்தால் கறையோடு நிற்காது. தண்ணீர் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிவரை போனால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும் என்பதால் உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளந்துவிடும். சீலிங்கிலிருந்து காரை பெயர்ந்து விழுவது இப்படித்தான். கீழே தொட்டிலோ கட்டிலோ இருந்தால் என்ன ஆகும் என்ற பயம் எங்களுக்கு எப்போதும் உண்டு. மின்விசிறிக் கொக்கி, சுவிட்ச் போர்டு பக்கம் ஈரம் கண்டால் உடனே மெயினை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

வீட்டுக்குள் சந்தேகம் இருந்தால் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. இரவு எல்லாக் குழாயையும் அடைத்துவிட்டு, மேல் டேங்கில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று குறித்து வையுங்கள். காலையில், யாரும் குழாயைத் திறப்பதற்கு முன், இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. கழிவறை ஃப்ளஷ் டேங்கை முதலில் பாருங்கள். நிறையப் பேர் வீட்டில் அதுதான். அதில் இல்லை என்றால், பிளம்பரைக் கூப்பிட்டு, பைப்பில் அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்க்கும் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். அதன் பிறகு டைல்ஸை உடைக்கலாம்.

அப்புறம், வாஷ்பேசினுக்கும் கீசருக்கும் அடியில் இருக்கும் கனெக்‌ஷன் பைப். முப்பது ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் இதில் மட்டமானதை வாங்காதீர்கள். மேலே கம்பிப் பின்னல் துருப்பிடித்திருந்தால் அன்றே மாற்றுங்கள். ஊருக்குப் போகும்போது மேல் டேங்க் வால்வை அடைத்துவிட்டுக் கிளம்புங்கள். பூட்டிய வீட்டில் அந்தப் பைப் வெடித்து, கீழ்வீட்டு மெத்தைவரை நனைந்த சேதத்தை அடுக்குமாடிகளில் போய்ச் சரிசெய்தவர்கள் நாங்கள்.

மேலே சொன்னதில் பெரும்பாலானவற்றுக்கு நீங்கள் எங்களிடம் எதுவும் வாங்க வேண்டியதில்லை. பார்த்தபின் வேலை தேவை என்று பட்டால் புரட்டாசிக்குள் சொல்லுங்கள். வரும்போது கறையின் போட்டோவையும், அது எந்த மாதத்தில் ஈரமானது என்பதையும் கொண்டு வாருங்கள். கடை ஞாயிறு காலையும் திறந்திருக்கும்.

அன்புடன்,
உங்கள் பிளம்பிங் கடையார்