அட்டை முக்காலிப் பயிற்சி: உறுப்பினர்கள் கவனத்திற்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். வரும் சனிக்கிழமை பசையும் ஆணியும் இல்லாமல், மடிப்பையும் செருகலையும் மட்டுமே நம்பி ஒருவர் அமரக்கூடிய முக்காலியை ஒவ்வொருவரும் செய்ய இருக்கிறோம். 1963இல், லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் மாணவராக இருந்த பீட்டர் மர்டாக், தட்டையாக விற்று வீட்டில் மடித்துக்கொள்ளும் புள்ளி போட்ட குழந்தை நாற்காலியை அட்டையிலேயே வடிவமைத்தார் என்பதை நினைத்தால், இது மாணவர் கைக்கு எட்டாத வேலையன்று.

வெட்டுவதற்கு முன் அட்டையின் ஓரத்தைப் பாருங்கள். இரண்டு தாள்களுக்கு நடுவே அலையலையாகத் தெரியும் நெளிவுகள் எந்தத் திசையில் ஓடுகின்றனவோ அந்தத் திசையில்தான் அட்டை பாரத்தைத் தாங்கும் என்பதால், கால்களில் அவை செங்குத்தாக நிற்க வேண்டும். படுக்கைவாட்டில் வைத்தால் எவ்வளவு அழகான வடிவமும் மடங்கி உட்கார்ந்துவிடும். என் பார்வையில் இந்தப் பயிற்சியின் உயிர்நாடியே இதுதான்.

மடிப்புக் கோட்டைக் கத்தியால் கீறாமல், மை தீர்ந்த பேனாவாலோ கரண்டிக் காம்பாலோ அளவுகோலை ஒட்டி அழுத்திய பிறகு மடித்தால் வெளித்தாள் கிழியாது. ஒரு துண்டை மற்றொன்றில் செருகுவதற்காக வெட்டும் பிளவின் அகலம் அட்டையின் தடிமனுக்குச் சரியாக இருக்கட்டும்.

பழைய அட்டைப்பெட்டிகளே போதும். ஈரம் பட்டது வலுவிழந்திருக்கும் என்பதால் உலர்ந்ததையே தேர்ந்தெடுத்து, முதலில் சிறிய மாதிரி ஒன்றைச் சாதாரணத் தாளில் மடித்துக் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறேன்.