ஒங்கப்பா ஆம்ப்ளிஃபயரும் அரை பாட்டில் வினிகரும்

ஏலே மக்கா,

நல்லாருக்கியா, மைனியும் பிள்ளைகளும் சுகமா. இங்க எல்லாரும் சுகம். எனக்கு சுகர் கொஞ்சம் கூடிருக்கு, நம்ம கூட்டாளி குருவிக்கு என்ன விடக் கூட, அதனால எனக்கு பெருசா கவலையில்ல. சரி, விசாரிப்பு முடிஞ்சுது, விஷயத்துக்கு வாரேன்.

போன மாசம் ரெண்டு தடவ போன் பண்ணின, நான் எடுக்கல. வேலைலாம் ஒண்ணும் இல்ல. போன பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன், அது அடிச்சு ஓஞ்சுது. போன்ல பேசுனா நீ மொதல்ல கேக்கது ஒங்கப்பா செட்ட பத்திதான், நான் மறுபடி பொய் சொல்லணும், அதான். கடிதம்னா நீ நடுவுல கத்த முடியாதுல்லா.

நீ மஸ்கட்டுக்கு போகும்போது கடைய காலி பண்ணி ஒங்கப்பாவோட வால்வு ஆம்ப்ளிஃபயர என் கையில குடுத்து "நான் வரும்போது எடுத்துக்கிடுதேன், பத்திரமா வையில"ன்ன. 2023 டிசம்பர் வெள்ளத்துல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழ பேஞ்சு, ஆறு ஒடச்சு, செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்துலயே ஆளுகளோட நின்னுபோச்சே, அந்த நேரம் நீ பதறிப்போய் கூப்பிட்டல்லா. "எல்லாத்தையும் மாடில ஏத்திட்டேம்ல, ஒங்கப்பா செட்டும் மேலதான் இருக்கு"ன்னு சொன்னேன். மேல இல்லல. கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு. ராத்திரி தண்ணி வாசப்படி ஏறும்போது நான் மொதல்ல தூக்கினது டிவிய. அடுத்து மிக்சிய. மூணாவதா திரும்பி பாக்கும்போது கட்டில் மெதக்குது.

மூணு நாள் கழிச்சு தண்ணி வடிஞ்சப்ப எடுத்தேன். உள்ள முழுக்க சகதி. கழுவி, வெயில்ல வச்சு, ஒரு சாக்க சுத்தி மாட்டுக் கொட்டாய் பரண்ல போட்டுட்டேன், அதுக்கப்புறம் அந்தப் பக்கமே ஏறிப் பாக்கல.

இந்த வருஷம் கோயில் கொடைக்கு டிஜே செட்டுதான் பேசியிருக்காங்க. அன்னைக்கு கமிட்டில எவனோ "அந்தக் காலத்துல கொழா ஸ்பீக்கர்ல விடியக்காலம் பாட்டுப் போடுவாருல்லா"ன்னு ஒங்கப்பாவ பத்தி பேச ஆரம்பிச்சான், எல்லாரும் என்ன பாக்காங்க. வீட்டுக்கு வந்து பரண்ல ஏறிட்டேன்.

இப்ப கேளு. கண்டன்சர்லாம் உப்பிப்போச்சு, அது போனா போகுது, புதுசு வாங்கலாம். வால்வ தொடச்சு தனியா வச்சிருக்கேன். பிரச்சன ஸ்பீக்கருக்கு சத்தத்த அனுப்புத அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். காய்லுக்குள்ள இருந்து வார வயரு, கலர் கலரா ஸ்லீவ் போட்டு நாலு அங்குலம் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும்ல, அந்த நுனியில ஈயம் புடிக்கவே மாட்டேங்குது. ஸ்லீவ உரிச்சா உள்ள செம்பு இழை அத்தனையும் கரிக்கட்ட மாதிரி கருப்பு. சால்டர, அதான் அந்த ஈயத்த, உருக்கி வச்சா சேம்பு இலையில விழுந்த தண்ணி மாதிரி உருண்டு உருண்டு கீழ விழுது. வேற வயர் போட வேண்டியதுதானலன்னு நீ கேப்ப. அது உள்ள சுத்துன காய்லோட சேந்து வார வயருல, மாத்தணும்னா மொத்தத்தையும் அவுத்து ரீவைண்டிங் பண்ணணும். அவுத்தா அது ஒங்கப்பா டிரான்ஸ்ஃபார்மரே இல்லல்லா. நான் ஒரு மேதாவி, வெட்டிட்டு புதுசா உரிச்சா உள்ள நல்லாருக்கும்னு வெட்டுனேன், அங்கயும் கருப்பு, இன்னும் கொஞ்சம் வெட்டுனேன், அங்கயும் கருப்பு, நாலு அங்குலம் ரெண்டர அங்குலமாயிட்டு. அப்புறம்தான் கைய கட்டிக்கிட்டு உக்காந்து யோசிச்சேன்.

உப்புத்தாள் போட்டு தேய்ச்சேன், முடி மாதிரி இழை, மூணு அத்துப்போச்சு. நம்ம ஹார்டுவேர் கடையில ஒரு டப்பா பேஸ்ட் குடுத்தான், "எதுல வேணாலும் புடிக்கும்ணே"ன்னான், மூடிய தொறந்த உடனே நம்ம வாத்தியாரு தாடி சார் மொகம் வந்துச்சு. "அது தகரத்துக்குல! தகரத்துக்கு!" ஒன் முதுகுல விழுந்த அடி எனக்கு இன்னும் கேக்கு. ஆசிட் பேஸ்ட், பைப்புக்கும் தகரத்துக்கும் சரி, ரேடியோவுல போட்டா இன்னைக்கு ஒட்டும், பின்னால மெல்ல அரிச்சுத் தின்னுரும். மூடி வச்சிட்டேன். ஈயம் புடிக்க நாம தடவுத ரெசின் ஃப்ளக்ஸ் பாவம் சாது, லேசா மங்கிக் கெடந்தா அதையே தின்னு செம்ப வெளிய கொண்டாந்துரும், இம்புட்டு தடிப்பா கருப்பு ஏறிட்டா அதால முடியல. ஈயம்னா கோந்து மாதிரி மேல ஒட்டிக்கிட்டு நிக்கும்னுதான் நான் பயித்தியக்காரன் இத்தன வருஷமா நெனச்சிருந்தேன். சால்டர்ல இருக்க வெள்ளீயம் செம்போட கலந்து நடுவுல ஒரு மெல்லிசு ஓடு புதுசா உண்டாவுதுல, அதுதான் புடி. நடுவுல கருப்பு நின்னா ரெண்டும் ஒண்ண ஒண்ணு தொடவே தொடாது.

அப்பதான் அடுப்படில என் வீட்டுக்காரி, ஒன் மைனி, கண்ணுல படாம வினிகர் பாட்டில எடுத்தேன். பிள்ளைகளுக்கு ஃப்ரைடு ரைஸ் போட வாங்குனது, 4 சதவீதம் அசிட்டிக் ஆசிட்னு லேபிள்ல போட்ருக்கு. வெறும் வினிகர்ல ஒரு வெட்டுன துண்ட போட்டேன், பத்து நிமிஷம் ஆச்சு, ஒண்ணும் பெருசா இல்ல. ஒரு சிட்டிக உப்பு போட்டேன் பாரு! கண்ணு முன்னால கருப்பு கழண்டு வருது மக்கா. உப்புல இருக்க குளோரைடு செம்ப இழுத்துக்கிட்டு கரைசலுக்குள்ள போயிருது, அதான் உப்பு சேந்தா வேகம். அஞ்சாறு நிமிஷத்துல ரோஸ் கலரு, பொறந்த பிள்ள உள்ளங்கால் மாதிரி. நான் கத்துன கத்துல ஒன் மைனி ஓடி வந்தா. பாத்துட்டு, "இதுக்குத்தானா, எங்கம்மா புளியும் உப்பும் போட்டு செம்பு கொடத்த ஒரு நிமிஷத்துல பளபளன்னு ஆக்குவாவளே"ன்னுட்டு போயிட்டா. சரிதான், அதுவும் புளிப்பும் உப்பும்தான, அவ அம்மா நமக்கு முன்னாலயே இன்ஜினியர். புளியவும் ஒரு துண்டுல போட்டுப் பாத்தேன், வெளுத்துச்சு, ஆனா இழைக்கு நடுவுல பிசுபிசுன்னு சக்க ஒட்டிக்கிட்டு கழுவவே முடியல. கொடத்துக்கு புளி, வயருக்கு வினிகர்.

இங்கதான் நான் ஒரு கோளாறு பண்ணுனேன், நீ எப்பவாவது செஞ்சா இத ஞாபகம் வச்சுக்கோ. சந்தோஷத்துல செவப்பு வயர அப்படியே முக்கி எடுத்து, துணியில தொடச்சு, ஈயம் வச்சிட்டேன். அருமையா புடிச்சுது. ஒரு வாரம் கழிச்சுப் பாத்தா ஸ்லீவ் ஓரத்துல பச்சப்பூ பூத்திருக்கு. இழைக்கு நடுவுல வினிகர் திரி மாதிரி மேல ஏறி ஸ்லீவுக்குள்ள போய் உக்காந்துக்கிட்டு தின்னுக்கிட்டு இருந்திருக்கு. அத வெட்டி எறிய வேண்டியதாப் போச்சு, இப்ப செவப்பு ஒண்ணர அங்குலம்தான். அன்னைக்கு ராத்திரி தூக்கமே இல்ல, வெள்ளத்துல தப்பிச்சத நான் வினிகர்ல கொன்னுருவேன் போலன்னு.

அதுக்கப்புறம் மொறையா செஞ்சேன். ஸ்லீவ் விளிம்புல வாஸ்லின் தடவி, டிரான்ஸ்ஃபார்மர ஸ்டூல் ஓரத்துல வச்சு, வயர கீழ தொங்கவிட்டு, நுனி மட்டும் முங்குத மாதிரி பாட்டில் மூடில வினிகரும் உப்பும். முழுசா முக்கவே கூடாது. வெளுத்த உடனே ஆப்ப சோடா கரைச்ச தண்ணியில முக்கணும், புஸ்ஸுன்னு நுரைக்கும், நுரை அடங்குற வரைக்கும் வைக்கணும், அப்புறம் பேட்டரிக்கு ஊத்துத தண்ணியில ரெண்டு தடவ அலசி, மக ஹேர் ட்ரையர வாங்கி ஈரம் போற வரைக்கும் ஊதணும். ஊதி முடிச்ச உடனே ஃப்ளக்ஸ். டீ குடிச்சிட்டு வந்து பாத்துக்கிடலாம்னா மறுபடி மங்கிரும், வெறும் செம்பு காத்துல சும்மா இருக்காது. அயர்ன் நுனிய வயருக்கு அடியில வச்சு, ஈயத்த அயர்ன்ல வைக்காம வயருமேல வச்சேன், 60:40 சால்டரு, 190 டிகிரிக்குள்ள உருகிரும், அப்படியே குடுகுடுன்னு இழை இழையா உள்ள ஓடிச்சு பாரு! நானும் குருவியும் கைகுடுத்துக்கிட்டோம். அவன் பாத்துட்டு "ஒன் கல்யாணத்துல கூட நீ இப்படி சிரிக்கலல"ன்னான், மைனி அடுப்படில இருந்து கேட்டுட்டா.

நீ சிரிப்ப, தெரியும். அங்க ஏசி பைப்புக்கு கேஸ் டார்ச்ச வச்சு 700 டிகிரிக்கு மேல கொளுத்துத ஆளு நீ. பாஸ்பரஸ் ராடுன்னா செம்புக்கும் செம்புக்கும் ஃப்ளக்ஸே வேண்டாம், உள்ள கருக்காம இருக்க நைட்ரஜன் ஓட்டுவோம்னு பீத்துவ. நான் முடி மாதிரி இழைக்கு தொட்டில் கட்டிக்கிட்டு இருக்கேன்.

மிச்ச வினிகர் நீலப்பச்சையா ஆயிட்டு. அதுல ஒரு ஆணிய போட்டா செம்பு வந்து ஆணிமேல ஏறிக்கிடுது, சின்னவன் ரெண்டு நாளா வீட்ல இருக்க ஆணியெல்லாம் செவப்பாக்கிட்டான். அத கருவேப்பிலச் செடில கொண்டு ஊத்தப்போனான், நல்லவேள பாத்துட்டேன். செம்பு வெஷம்லா. அந்தக் கிண்ணமும் இனி அடுப்படிக்கு போகாது, அதுக்கும் ஏச்சு வாங்கியாச்சு.

இன்னொண்ணு சொல்லணும்ல. ஆம்ப்ளிஃபயரோட தகடு பாடி, அந்த சேஸிஸ்குள்ள ஒங்கப்பா வச்ச ஜாயிண்ட் ஒவ்வொண்ணா இழுத்துப் பாத்தேன். ஆத்துத் தண்ணி மூணு நாள் நின்ன பொறவும் ஒண்ணுகூட கழண்டு வரல. வயர மொதல்ல டேக்ல, அந்த ஓட்ட போட்ட சின்னத் தகடுல, கொக்கி மாதிரி மாட்டி, கொறடால அமுக்கி, அப்புறம்தான் ஈயம். நாம கடையில உக்காந்து வேல பழகும்போது "ஈயம் கரண்டுக்குல, புடிக்கு வயரு முறுக்கு"ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாருல்லா, நீ முறுக்கு திங்க போயிருவ. ஒரு டேக்ல மட்டும் ஈயம் தெப்பமா, மொத்தையா இருக்கு. அது ஒன் வேலல. அவரு மாத்தாம விட்டு வச்சிருக்காரு. அத நானும் தொடல.

மாட்டுக் கொட்டாய்லயே உக்காந்து கொஞ்ச நேரம் அழுதேன். மைனிகிட்ட சொல்லிராத.

இப்ப ஆறு வயர்ல அஞ்சு ஈயம் புடிச்சாச்சு. மீட்டர்ல ஓம்ஸ் பாத்து எது எதுன்னு கண்டுபிடிச்சிட்டேன், ஸ்பீக்கருக்கு போற 100 வோல்ட் லைனு எது, 8 ஓம் எது எல்லாம். கரண்டு இன்னும் குடுக்கல, நீ வராம குடுக்க மாட்டேன். ஆனா அந்த பச்ச வயரு இருக்கே, அது வேற எந்த வயரோடயும் பேச மாட்டேங்குது, பாடியோடயும் இல்ல. தகடுக்குள்ள பென்சில்ல எழுதி வச்சிருந்தாரு, அத தண்ணி அழிச்சிட்டு. உள்ள அத்துப் போச்சா, இல்ல மொதல்லயே எதுலயும் சேக்காம சும்மா விட்டு வச்சிருந்தாரா? கடையில ஸ்டூல்ல ஏறி நீதான அத தூக்கித் தூக்கி வைப்ப, கொஞ்சம் யோசிச்சுப் பாரு. பச்ச எங்க போச்சு?

ஏசணும்னா ஞாயித்துக்கிழம போன் போடு, எடுக்கேன்.

ஒன்
கொக்கி

சேஸிஸ்குள்ள ஒரு பழைய 25 பைசா கெடந்துச்சு. அது ஒனக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்.